இளைஞர் சேவைப் பணி (கடுகண்ணாவை)

இலங்கையின் கண்டி மாவட்டத்தில் யட்டிநுவர பிரதேச செயலகப் பிரிவிலுள்ள கடுகண்ணாவையில் இளைஞர் சேவைப் பணிக்கான முதல் படி பெரும்பாலும் ஊர் இளைஞர் கழகமே. 1979ஆம் ஆண்டின் 69ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் தலைமையகம் மஹரகமவில் உள்ளது. கழகங்கள், அவற்றுக்கு மேலே பிரதேச, மாவட்டச் சம்மேளனங்கள், பிரதேச செயலகத்தில் இளைஞர் சேவை உத்தியோகத்தர் என்று அதன் அமைப்பு விரிகிறது.

கழகச் செயலாளராகக் கூட்டக்குறிப்பு எழுதி, அடுத்த கூட்டத்தில் அதை வாசித்துச் சபையின் ஒப்புதல் பெற்று, சிரமதானத்துக்கு ஆள் திரட்டிப் பழகியவருக்குப் பின்னாளில் அலுவலகக் கோப்பு அந்நியமாகத் தெரியாது. அந்தப் பயிற்சியை எந்த வகுப்பறையும் முழுதாகத் தந்துவிட முடியாது. ஆனாலும் படிப்பு வேண்டும்; தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் சமூகப்பணியில் டிப்ளோமாவும் பட்டமும் வழங்குகிறது.

இப்பணியின் அவசியத்துக்கு வரலாற்றுப் பின்னணியும் உண்டு: 1971இலும் 1980களின் இறுதியிலும் இளைஞர் கிளர்ச்சிகளில் பெரும் உயிரிழப்பைக் கண்ட நாடு இலங்கை. 1990இல் இளைஞர் பற்றிய சனாதிபதி ஆணைக்குழு அறிக்கை தந்தது. தேசிய இளைஞர் கொள்கை 2014இல்தான் வந்தது.

சிங்களமும் தமிழும் புழங்கும் கண்டி மாவட்டத்தில் இரு மொழியும் பேசும் ஊழியரின் தேவை பெரிது. தோட்டக் குடியிருப்புகளில் விண்ணப்பப் படிவத்தைத் தமிழில் விளக்குவதே பல நாட்களில் முதல் வேலையாகிறது.