சத்திரத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர்?

பூந்தமல்லியில் வேலூர் பஸ் ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே எங்கம்மா தண்ணீர் குடிப்பதை நிறுத்தி விடுவார். வழியில் கழிப்பறை எப்படி இருக்குமோ என்ற பயம்தான்! நெடுஞ்சாலையில் இறங்கி இளைப்பாறுபவர்கள் எத்தனை பேர் என்று யாராவது எண்ணினால், பஸ்ஸை விட்டே இறங்காத அம்மா அந்தக் கணக்கில் வருவாரா? இந்தக் கேள்வி மண்டையைக் குடைந்ததில் பிறந்ததுதான் இந்தப் பதிவு.

கொஞ்சம் பின்னால் போவோம். 1799-ல் தஞ்சை நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போய்விட்டது. சத்திர தர்மம் நின்றுவிடக் கூடாது என்று மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-ல் ஆங்கில ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். எல்லா சாதியாருக்கும் அங்கே சோறு, சமைத்த சோறு வேண்டாம் என்பவர்களுக்கு அரிசி, நோயாளிகளுக்கு வைத்தியம். அடுத்த வருடமே ஒரத்தநாட்டில் முத்தம்பாள் சத்திரமும் வந்தது.

சத்திரத்தில் டிக்கெட் கிடையாது. அப்புறம் எப்படித் தலையை எண்ணுவது? காமர்ஸ் படிக்கிறவனுக்கு இது சுலபம்: ஸ்டாக் கணக்கைப் பார்! ஒரு பேச்சுக்கு, ஒரு நாள் அரிசிச் செலவு 60 படி, ஒரு சாப்பாட்டுக்கு அரைப்படி என்று வைத்துக் கொள்ளுங்கள். 120 சாப்பாடு. ஆனால் 120 பேர் இல்லை! ராத்திரி தங்கி இரண்டு வேளை சாப்பிட்டவர்கள் என்றால் 60 பேர்தான். கட்டுச்சோறு கொண்டுவந்து திண்ணையில் படுத்து எழுந்து போனவர் இந்தக் கணக்கிலேயே இல்லை.

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து நம்ம அம்பத்தூர், ஆவடி வழியாக வாலாஜா வரை ரயில் ஓடியது. ரயில் பயணிகளை எண்ண, விற்ற டிக்கெட்டே போதும். சாலைக்கு அந்த வசதி இன்றும் இல்லை. அதனால் மூன்று எண்களைப் பெருக்குகிறார்கள்: ஒரு நாளில் போகும் வண்டிகள், அதில் ஒதுங்கி நிற்பவை நூற்றுக்கு எத்தனை, வண்டிக்கு எத்தனை பேர். உதாரணத்துக்கு 10,000 வண்டி, நூற்றுக்கு 10, வண்டிக்கு 3 பேர் என்றால் 3,000 பேர். முதல் எண் சுங்கச்சாவடியில் கிடைத்துவிடும். வம்பே இரண்டாவது எண்ணில்தான். இடம் மோசமாக இருந்தால் யாரும் நிற்க மாட்டார்கள். யாரும் நிற்கவில்லை என்பதையே காரணமாகக் காட்டி, இங்கே கழிப்பறை தேவையில்லை என்று முடிவு கட்டிவிடலாம். ஆகக் கணக்கு சரி, விடை தப்பு!

சரபோஜியின் கடிதத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. சத்திரத்தில் நள்ளிரவு வரை சோறு போடுவார்கள். பிறகு மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வரலாம் என்று கூப்பிடுவார்கள். அதாவது வந்தவர்களோடு கணக்கை மூடிவிடாமல், வராதவர்களையும் தேடியிருக்கிறார்கள்.

சாலையோரத்தில் லாரிக்கு அடியில் தூங்கும் டிரைவருக்கும், தாகத்தோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் எங்கம்மாவுக்கும் அந்த மணியை யார் அடிப்பது? நீங்களே சொல்லுங்கள்.