எடைத் தராசும் ஆற்றல் கணக்கும்

உணவைக் குறைத்து உடல் எடையைக் குறைக்க முயல்பவர்களுக்கு ஓர் அனுபவம் பொதுவானது. முதல் சில வாரங்களில் எடை விரைவாகக் குறையும். பிறகு வேகம் தளரும். ஒரு கட்டத்தில் தராசின் முள் அசையாமல் நின்றுவிடும். ‘உணவைச் சற்றே கூட்டிப் பார், உடல் மறுபடி வழிக்கு வரும்’ என்று யாரோ சொல்வார்கள். அவரும் நாளொன்றுக்கு ஐந்து இட்லி, அதாவது ஏறத்தாழ 300 கலோரி, கூட்டி உண்பார். நான்கு நாள் கழித்துத் தராசில் ஏறினால் ஒன்றரைக் கிலோ கூடியிருக்கும்! பட்ட பாடெல்லாம் வீண் என்று மனம் உடைந்து, முன்னிலும் கடுமையாகப் பட்டினி கிடக்கத் தொடங்குவார்.

இந்த அச்சத்திற்குக் காரணம் உண்டா? பள்ளிக் கணக்கைக் கொண்டே பார்க்கலாம். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி ஆற்றல் அடங்கியுள்ளது. ஒன்றரைக் கிலோ கொழுப்பு என்றால் 11,550 கலோரி. ஆனால் அவர் நான்கு நாளில் கூடுதலாக உண்டதோ 1,200 கலோரி. அது முழுவதும் கொழுப்பாக மாறினாலும் 160 கிராமைத் தாண்டாது. மீதியையும் கொழுப்பு என்று சொல்ல ஆற்றல் அழிவின்மை விதி இடம் தராது. அப்படியானால் அந்த எடை எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்கு விடை ஒரே நாளில் கிடைத்துவிடவில்லை. நானூறு ஆண்டுகளாக அறிஞர் பலர் மனித உடலுக்கு வரவுசெலவு எழுதிப் பார்த்துத்தான் அதைக் கண்டார்கள். அந்த வரலாற்றைச் சற்றுக் காண்போம்.

தராசில் தொங்கிய நாற்காலி

இத்தாலி நாட்டுப் பாதுவா நகரில் பேராசிரியராக விளங்கியவர் சாந்தோரியோ என்னும் மருத்துவர். கலிலியோவின் காலத்தவர். அவர் ஒரு பெரிய தராசுக் கோலில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் அமர்ந்து தம்மையே நிறுத்துப் பார்த்தார். உண்ட உணவையும், பருகிய நீரையும், வெளியேறிய கழிவுகளையும் நிறுத்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இம்முயற்சியில் ஈடுபட்டு, 1614இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார்.

அவர் கண்டது வியப்பானது. ஒரு நாளில் எட்டுப் பவுண்டு உணவும் பானமும் உட்கொண்டால், அதில் ஐந்து பவுண்டு கண்ணுக்குத் தெரியாமலே உடலைவிட்டு வெளியேறிவிடுகிறது! தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் செல்லும் நீராவியும், மூச்சில் கலந்து போகும் கரியமில வாயுவுமே அது என்பதை நாம் இன்று அறிவோம்.

சாந்தோரியோ எழுதியது நிறைக் கணக்கு. எத்தனை பவுண்டு உள்ளே வந்தது, எத்தனை பவுண்டு வெளியே போனது என்பதே அவருடைய கேள்வி. உள்ளே வந்தது நெய்யா, தண்ணீரா என்று அவருடைய தராசு பிரித்தறியாது. இன்று நம் வீட்டிலும் மருந்துக் கடை வாசலிலும் இருக்கும் எடைப்பொறியும் இதே வகையைச் சேர்ந்ததுதான் என்பதை நினைவில் வையுங்கள்.

பனிக்கட்டி எழுதிய கணக்கு

இரண்டாவது கணக்கு பிரான்சில் தொடங்கியது. 1782-83 குளிர்காலத்தில் லவாய்சியரும் லாப்லாசும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தினுள் வைத்தார்கள். அதன் உடல் வெப்பத்தால் எவ்வளவு பனிக்கட்டி உருகுகிறது என்பதை அளந்தார்கள். அது வெளியிட்ட கரியமில வாயுவையும் அளந்து, கரி எரியும்போது தோன்றும் வெப்பத்தோடு ஒப்பிட்டார்கள். சுவாசமும் ஒருவகை மெதுவான எரிதலே என்ற முடிவுக்கு வந்தார்கள். விளக்கில் எண்ணெய் எரிவதுபோல உடலில் உணவு எரிகிறது என்ற கருத்து இவ்வாறு சோதனைச் சாலையில் நிலைபெற்றது.

இக்கணக்கை மனிதனுக்குச் செம்மையாக எழுதியவர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வெஸ்லியன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஆட்வாட்டர் என்னும் வேதியியலாரும், ரோசா என்னும் இயற்பியலாரும் ஆவர். 1890களில் அவர்கள் ஒரு மனிதன் பல நாள் தங்கி உண்டு உறங்கக்கூடிய சிற்றறையை அமைத்தார்கள். அதன் சுவர்கள் வெப்பத்தை வெளியே விடாதவை. உள்ளே குழாயில் ஓடும் குளிர்ந்த நீர், அவன் உடல் விடும் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். நீரின் அளவும் வெப்பநிலை உயர்வும் தெரிந்தால் வெப்பத்தைக் கணக்கிடலாம் அல்லவா? உடல் பயன்படுத்திய உணவின் ஆற்றலும், உடல் வெளியிட்ட ஆற்றலும் ஒரு சதவீத வேறுபாடுகூட இல்லாமல் ஒத்துப்போயின. மனித உடலும் ஆற்றல் அழிவின்மை விதிக்குக் கட்டுப்பட்டதே என்பது ஐயமற விளங்கியது.

(உணவு நூல்களில் கலோரி என்று குறிப்பது நம் இயற்பியல் பாடத்தின் கலோரியைப்போல் ஆயிரம் மடங்கு. ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சென்டிகிரேடு சூடாக்கும் வெப்பம் அது.)

ஆக, உடலுக்கு இரண்டு பேரேடுகள் உள்ளன. ஒன்று நிறைப் பேரேடு, மற்றொன்று ஆற்றல் பேரேடு. இரண்டும் தனித்தனியே பிழையின்றிச் சரியானவை. ஆனால் ஒன்றில் உள்ள எண்ணைப் பார்த்து மற்றதைப் படிக்க முடியாது. தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பேரேட்டில் அதுவே பெரிய புள்ளி. நம் உடல் நிறையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். இரண்டாவது பேரேட்டிலோ அதன் மதிப்பு சுழி.

முள் ஏன் நின்றுவிடுகிறது?

உணவைக் குறைத்தவுடன் வரவு குறைகிறது. செலவு மட்டும் பழையபடியே இருக்குமானால் எடை குறைந்துகொண்டே போகவேண்டும். 1917இல் பெனடிக்ட் என்னும் அறிஞர் அமெரிக்காவில் கல்லூரி மாணவர் சிலரின் உணவைக் குறைத்துச் சோதனை செய்தார். அவர்கள் எடை நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு குறைந்தபின், அந்த எடையைக் காக்க முன்பு உண்டதைவிட மிகக் குறைந்த உணவே போதுமானதாக இருந்தது. வரவு குறைந்ததும் உடல் தன் செலவையும் சுருக்கிக்கொண்டது.

இதைவிடப் பெரிய சோதனை இரண்டாம் உலகப் போரின் இறுதியில் நடந்தது. ஐரோப்பாவில் இலட்சக்கணக்கானோர் பட்டினியில் வாடினார்கள். போர் முடிந்ததும் அவர்களுக்கு எவ்வளவு உணவு கொடுத்து மீட்பது என்பது எவருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. மின்னசோட்டா பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஆன்சல் கீஸ் இதை ஆராய முன்வந்தார். மனச்சான்றின்படி போரிட மறுத்த இளைஞர் 36 பேர் தாமாகவே இதற்கு உடலைக் கொடுத்தார்கள். ஆயுதம் ஏந்தாமல் மனிதர்க்கு உதவ வழி தேடியவர்கள் அவர்கள்.

1945 பிப்ரவரியில் அரைப்பட்டினி தொடங்கியது. அதுவரை நாளொன்றுக்கு 3,200 கலோரிக்குக் குறையாமல் உண்டவர்களுக்கு ஏறத்தாழ 1,570 கலோரியே கிடைத்தது. ரொட்டி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு போன்றவையே உணவு. வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும். 24 வாரங்களில் சராசரி எடை 69 கிலோவிலிருந்து ஏறத்தாழ 53 கிலோவுக்கு இறங்கியது. ஓய்வாகப் படுத்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல் நூற்றுக்கு நாற்பது பங்கு குறைந்தது. நாடித்துடிப்பு தளர்ந்தது. கோடையிலும் குளிர் என்றார்கள். மாடிப்படி ஏறத் தயங்கினார்கள். இறுதி வாரங்களில் அந்தப் பாதி உணவிலேயே வரவும் செலவும் ஏறக்குறைய சமமாகிவிட்டன. எடை குறைவது நின்றுபோவதன் உட்பொருள் இதுதான். உடல் பிடிவாதம் பிடிக்கவில்லை. வருவாய் குறைந்த குடும்பத்தைப்போலச் சிக்கனத்துக்கு மாறிவிட்டது.

மறைந்திருக்கும் நீர்

மின்னசோட்டாவில் இன்னொன்றும் தெரிந்தது. பட்டினி முற்ற முற்ற அவர்களுடைய கணுக்காலிலும் முகத்திலும் நீர் கோத்து வீக்கம் கண்டது. தசையும் கொழுப்பும் கரைந்தன. செல்களுக்கு வெளியே உள்ள நீரோ குறையவில்லை. ஆகவே தராசு காட்டியதைவிட உண்மையான இழப்பு அதிகம். எடை குறையாமல் நிற்பதுபோல் தோன்றுவதும் சிலவேளை நீரின் வேலையே என்பதை இதிலிருந்து உணரலாம்.

அங்கே நீர் இழப்பை மறைத்தது. நாம் முதலில் பார்த்த அன்பருக்கோ நீர் இல்லாத லாபத்தைக் காட்டுகிறது. இதை அறிய இன்னொரு பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1857இல் பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார்ட் கல்லீரலிலிருந்து பிரித்தெடுத்த கிளைக்கோஜன் அது. நாம் உண்ணும் மாவுப்பொருளின் ஒரு பகுதி கிளைக்கோஜனாகக் கல்லீரலில் 100 கிராம் அளவும், தசைகளில் 400 கிராம் அளவும் சேமிக்கப்படுகிறது. இது தனியே தங்குவதில்லை. ஒரு கிராம் கிளைக்கோஜனுடன் ஏறத்தாழ 3 கிராம் நீரும் சேர்ந்தே தங்கும். 1970இல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் ஓல்சனும் சால்டினும் தசைக் கிளைக்கோஜனைக் குறைத்துப் பிறகு மாவுணவால் நிரப்பியபோது, சில நாட்களிலேயே எடை இரண்டு கிலோவுக்கு மேல் கூடியது. அதில் பெரும்பகுதி நீரே.

இப்போது நம் அன்பரின் கணக்குக்குத் திரும்புவோம். உணவைக் குறைத்த நாட்களில் அவருடைய கிளைக்கோஜன் கிடங்கு பாதி காலியாகிக் கிடந்தது. இட்லியைக் கூட்டியதும் 300 கிராம் நிரம்பியது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராமுக்கு 4 கலோரி வீதம் அதன் ஆற்றல் 1,200 கலோரி. அவர் கூடுதலாக உண்டதும் அதே 1,200 கலோரிதான்! ஆற்றல் பேரேடு நேராகிவிட்டது. நிறைப் பேரேட்டிலோ கிளைக்கோஜன் 300 கிராம், அதோடு தங்கிய நீர் 900 கிராம், ஆக 1,200 கிராம். மீதி 300 கிராம், குடலில் கூடுதலாக இருக்கும் உணவும், உப்போடு தங்கும் நீரும். ஒன்றரைக் கிலோவுக்கும் கணக்குக் காட்டியாயிற்று. அதில் ஒரு கிராம் கொழுப்பும் இல்லை.

உணவைக் குறைத்த முதல் வாரத்தில் எடை அவ்வளவு விரைவாக இறங்கியது ஏன் என்பதும் இப்போது விளங்கும். அன்று போனதிலும் பெரும்பங்கு இதே நீர்தான். அன்றைய மகிழ்ச்சி எவ்வளவு மிகையோ, இன்றைய துயரமும் அவ்வளவே மிகை.

அலட்சியமும் கூடாது

அப்படியானால் உணவை எவ்வளவு கூட்டினாலும் கவலையில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மின்னசோட்டா இளைஞர்களுக்கு முதலில் 400 முதல் 1,600 கலோரி வரை நான்கு பிரிவாகக் கூட்டிக் கொடுத்தபோது அவர்கள் மிக மெதுவாகவே தேறினார்கள். சிலருக்குத் தேறியதாகவே தோன்றவில்லை. பட்டினியால் மெலிந்தவர் மீள நாளொன்றுக்கு 4,000 கலோரி அளவு வேண்டும் என்று கீஸ் முடிவு செய்தார். ஆனால் கட்டுப்பாடு நீங்கி விருப்பம்போல் உண்டபோது, தசை முழுதும் திரும்புவதற்கு முன்பே கொழுப்பு பழைய அளவைத் தாண்டிவிட்டது.

2011இல் கெவின் ஹால் குழுவினர் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு கணிதமுறையை வெளியிட்டார்கள். பருமனான ஒருவர் அன்றாட உணவை நிலையாக 24 கலோரி மாற்றினால் காலப்போக்கில் எடை ஒரு கிலோ மாறும். அதில் பாதி மாற ஓராண்டும், பெரும்பகுதி மாற மூன்றாண்டும் ஆகும். நிலையாக 300 கலோரி கூட்டினால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். முதல் வாரத்தின் திடீர் ஏற்றம் பயப்படத் தக்கதன்று. பிறகு ஓசைப்படாமல் வரும் ஏற்றமே கவனிக்கத் தக்கது.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? நாள்தோறும் காலையில், கழிவு நீங்கியபின், எதுவும் உண்பதற்குமுன் எடை பாருங்கள். ஒரு நாள் எண்ணைப் பொருட்படுத்தாமல் ஏழு நாள் சராசரியை எழுதுங்கள். நாளொன்றுக்கு 300 கலோரி என்றால் வாரத்துக்கு 2,100 கலோரி. அதனால் சேரக்கூடிய கொழுப்பு ஏறத்தாழ 270 கிராமே. முதல் வாரம் ஒன்றரைக் கிலோ ஏறி, அடுத்த வாரங்களில் சராசரி நின்றுவிட்டால் ஏறியது நீர். மூன்றாம், நான்காம் வாரங்களிலும் கால் கிலோ வீதம் ஏறிக்கொண்டே போனால் அது கொழுப்பு. கூட்டியதில் பாதியைக் குறைத்துக்கொள்ளலாம்.

இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவருக்கு எடை திடீரெனக் கூடினாலும், கால் வீங்கினாலும் இக்கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது; உடனே மருத்துவரைப் பார்க்கவேண்டும். நெடுநாள் கடும்பட்டினி கிடந்தவருக்கு உணவைக் கூட்டுவதும் மருத்துவர் மேற்பார்வையிலேயே நடக்கவேண்டும்.

மற்றவர்கள், தராசு நிறையைத்தான் சொல்லும், ஆற்றலைச் சொல்லாது என்பதை மறவாதிருந்தால் போதும். நான்கு நாள் முள்ளை நம்பி மீண்டும் பட்டினிக்குத் திரும்புபவர், தண்ணீருக்கு அஞ்சித் தம் தசையை இழக்கிறார்.