அன்னபூரணியும் பனிப்படகும்

1938 ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்ரர்த் துறைமுகத்தை ஒரு பாய்க்கப்பல் வந்தடைந்தது. ஏறத்தாழ 89 அடி நீளமான மரக்கலம். அப்போது அது தாங்கியிருந்த பெயர் 'புளோரன்ஸ் சி. றொபின்சன்'. வல்வெட்டித்துறைக் கரையில் அதற்கு வழங்கிய பெயரோ 'அன்னபூரணி'. 32 அடிப் படகொன்றில் உலகைச் சுற்றிவந்து புகழீட்டிய வில்லியம் அல்பேட் றொபின்சன் அதனை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். செங்கடல், சுயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் என நீண்ட வழியெங்கும் அதன் பாய்களை ஏற்றி இறக்கியவர்கள் வல்வெட்டித்துறைக் கடலோடிகள்.

பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை மண்டபங்களிலே தமிழர் பெருமை பேசும் கூட்டங்களில் இச்செய்தி தவறாது இடம்பெறும். கேட்டுக் கைதட்டுவோம். வாங்கியவரின் பெயரும் அவர் மனைவியின் பெயரும் நமக்குத் தெரியும். கட்டிய கைகள் எவருடையவை, அவை எவ்வாறு கட்டின என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை.

கப்பல் கட்டும் தச்சனை நம் கரையோர மக்கள் ஓடாவி என்பர். பட்டறையென்று தனிக் கட்டடம் அவனுக்கில்லை. கடற்கரை மணலே பட்டறை. முதலில் ஏராவை நீட்டிக் கிடத்துவார்கள். அதன் மேல் இருமருங்கும் விலா எலும்புகள்போல வங்குகள் எழும். இயல்பாகவே வளைந்து வளர்ந்த கிளைகளைத் தேடித் தெரிந்தெடுப்பார்கள். வெட்டி வளைத்த மரத்தினும் வளர்ந்து வளைந்த மரத்துக்கே உறுதி அதிகம். வேம்பும் இலுப்பையும் இதற்குப் பெயர்பெற்றவை. பலகைகளை வங்குகளோடு இறுக்கியபின் இடுக்குகளிற் பஞ்சைத் திணித்துக் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து பூசும் கலப்பத்து வேலை தொடங்கும். அது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஓர் இடுக்குத் தப்பினாலும் நடுக்கடலில் அது தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். இத்தனைக்கும் தாளில் வரைந்த படம் கிடையாது. முழக்கோலும் கண்ணளவும் தந்தையிடம் கேட்ட கணக்குமே நூல். கலம் முடிந்ததும் ஊரே கூடி வடம்பிடித்துக் கடலில் இறக்கும்.

இதனைச் சோழர் காலத்திலிருந்து மாசுபடாது வந்த கலையென்று கூறுவோரும் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்னபூரணியின் பாயமைப்பிலே ஐரோப்பியக் கப்பல்களின் சாயல் வெளிப்படை. நாகப்பட்டினத்துக்கும் இறங்கூனுக்கும் சென்றுவந்த மக்கள், கண்ட நல்லவற்றைக் கையாண்டனர். உழைக்கும் மக்களின் அறிவு என்றும் அவ்வாறே வளர்ந்தது.

அன்னபூரணி மேற்கு நோக்கிச் சென்ற அக்காலத்திலேயே, 1937இல், அமெரிக்காவின் டிட்ரோயிற் நகரில் வேறொரு மரக்கலம் உருவாயிற்று. அது நீரில் மிதப்பதன்று. உறைந்த ஏரியின் மேல் வழுக்கி ஓடுவது. பனிப்படகு என்று சொல்லலாம். பன்னிரண்டு அடி நீளம், அறுபது சதுர அடிப் பாய், அடியில் மூன்று உலோக அலகுகள். முன்னலகைத் திருப்பித் திசைமாற்றுவர். நல்ல காற்றில், வீசும் காற்றினும் பன்மடங்கு விரையும். 'டிட்ரோயிற் நியூஸ்' என்ற செய்தித்தாளின் தச்சுப் பட்டறையில் சாதாரண மனிதர்கள் ஒன்றுகூடித் தம் கையாலேயே இவற்றைச் செய்தனர். அதன் வரைபடம் பொதுச்சொத்துப் போலப் பரவிற்று. இன்றும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நண்பர்கள் கூடி அதே அளவிற் படகு செய்கின்றனர்.

டிட்ரோயிற் தச்சரினும் நம் ஓடாவி திறமை குன்றியவனல்லன். அவனுக்கு ஒரு பத்திரிகை இல்லை. படித்தவன் அவனருகே அமர்ந்து அளவுகளைக் குறித்துக்கொள்ளவுமில்லை. 1942இல் ஜப்பானியர் இறங்கூனைக் கைப்பற்றியதும் பர்மா வணிகம் அறுந்தது. சுதந்திரத்தின்பின் கடவுச்சீட்டும் சுங்கமும் பாக்குநீரிணையின் குறுக்கே எல்லை கீறின. நேற்றுவரை வணிகம் எனப்பட்டது கடத்தல் எனப்பட்டது. பின்னர் போர்க்காலக் கடற்றடைகள் வந்தன. கப்பலுக்குத் தேவையற்றுப்போன ஊரில் ஓடாவியின் கணக்கைக் கேட்டு வைத்துக்கொள்ள மகனுக்கும் காரணமில்லாது போயிற்று.

வடமராட்சிப் பள்ளிகளிற் கற்பிக்கும் நண்பர்கள் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு ஒரு விடுமுறை நாளில் அக்கரைக்குச் செல்லலாம். முதியவர் எவரையேனும் கண்டு, இத்தனை முழ ஏராவுக்கு எத்தனை வங்கு என்று கேட்டாற் போதும். எழுதுதாள் நிறையவே வேண்டியிருக்கும்.