நுண்கட்டுப்படுத்திகளில் பாட்டைக் கட்டுப்பாடு: வரலாறும் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வாகனத் தொழிலும்

நுண்கட்டுப்படுத்தி என்பது செயலி, நினைவகம், வெளியுலகோடு தொடர்பு கொள்ளும் முனைகள் ஆகியவற்றை ஒரே சில்லில் கொண்ட சிறு கணினி ஆகும். சில்லின் பல பகுதிகளோ பல சில்லுகளோ பொதுவாகப் பயன்படுத்தும் கம்பித் தொகுதி பாட்டை எனப்படும். ஆங்கிலத்தில் இதற்குப் பஸ் என்று பெயர். ஒரே கம்பியில் இரு சாதனங்கள் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டின் செய்தியும் கெட்டுவிடும். எனவே, இப்போது யார் பேசலாம் என்று முடிவு செய்ய ஓர் ஏற்பாடு தேவை. அதுவே பாட்டைக் கட்டுப்பாடு. காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதியில் உருவாகும் வாகனங்களின் பாதுகாப்பும் இந்த ஏற்பாட்டைப் பொறுத்ததே.

முனைகளும் சைகைகளும்

இன்டெல் நிறுவனம் 1971இல் வெளியிட்ட 4004 செயலிக்கு 16 முனைகளே இருந்தன. முகவரியும் தரவும் 4 கம்பிகளின் வழியே மாறி மாறிச் சென்றன. 1976இல் வந்த 8085 செயலிக்கு 40 முனைகள் உண்டு. ஆயினும் 16 பிட் முகவரிக்கும் 8 பிட் தரவுக்கும் தனித்தனியே இடம் தந்தால் 24 முனைகள் செலவாகிவிடும். ஆகவே முகவரியின் கீழ்ப்பாதியும் தரவும் ஒரே 8 முனைகளைப் பகிர்ந்துகொண்டன. அம்முனைகளில் இப்போது இருப்பது முகவரியே என்று அறிவிக்க ஏ.எல்.இ. என்ற தனி முனை இருந்தது. தரவைப் படிக்க ஆர்.டி. முனையும், எழுத டபிள்யூ.ஆர். முனையும் சைகை தந்தன.

வேறொரு சுற்று நினைவகத்தை நேரடியாக அணுக விரும்பினால், செயலியின் ஹோல்ட் முனையில் கோரிக்கைச் சைகை தரும். செயலி கையிலுள்ள பாட்டை வேலையை முடித்து, பாட்டையிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்டு, எச்.எல்.டி.ஏ. முனை வழியே ஒப்புதல் அளிக்கும். வகுப்பில் மாணவர் கையை உயர்த்த, ஆசிரியர் தலையசைத்த பின் பேசுவதைப் போன்றது இது. தமிழகப் பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் மாணவர்கள் பல ஆண்டுகளாக 8085 பயிற்சிக் கருவியில்தான் இப்பாடத்தைக் கற்றனர்.

1980இல் இன்டெல் வெளியிட்ட 8051 நுண்கட்டுப்படுத்தி, 4 கிலோபைட் நிரல் நினைவகத்தையும் 128 பைட் தரவு நினைவகத்தையும் சில்லுக்குள்ளேயே கொண்டிருந்தது. அதன் 40 முனைகளில் 32 முனைகளை விளக்கு, பொத்தான், உணரி போன்றவற்றுக்குப் பயன்படுத்தலாம். ஆனால் வெளியே முழு அளவு நினைவகம் இணைத்தால் முகவரிக்கும் தரவுக்கும் 16, படிக்க, எழுத 2 என 18 முனைகள் போய், 14 மட்டுமே மிஞ்சும். பின்னாளில் நினைவகம் முழுவதும் சில்லுக்குள் சென்றபோது பாட்டையும் உள்ளே மறைந்தது.

தலைமை இல்லாத பாட்டை

கார்களில் வேறொரு சிக்கல் எழுந்தது. எஞ்சினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று எனக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பெருகின. ஒவ்வொன்றையும் மற்றொன்றோடு தனிக் கம்பியால் இணைத்தால் கம்பிக் கட்டின் எடையும் பழுதும் கூடும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983இல் இதற்குத் தீர்வு காணத் தொடங்கி, 1986 பிப்ரவரியில் டெட்ராய்ட் நகரில் நடந்த வாகனப் பொறியாளர் மாநாட்டில் கான் பாட்டையை அறிமுகப்படுத்தியது. 1993இல் இது ஐ.எஸ்.ஓ. 11898 என்ற பன்னாட்டுத் தரமாயிற்று.

கான் பாட்டையில் முறுக்கிய இரு கம்பிகள் போதும். அனுமதி தரும் தலைமைச் சாதனம் எதுவும் இல்லை. ஒவ்வொரு செய்தியின் தொடக்கத்திலும் 11 பிட் அல்லது 29 பிட் அடையாள எண் இருக்கும். இதில் 0 ஓங்கு நிலை, 1 ஒடுங்கு நிலை. இரண்டும் மோதினால் கம்பியில் 0 மட்டுமே தெரியும். உதாரணமாக, பிரேக் பெட்டியின் எண் 00010 என்றும், சன்னல் கண்ணாடிப் பெட்டியின் எண் 00110 என்றும் தொடங்குவதாகக் கொள்வோம். இரண்டும் ஒரே நொடியில் பேசத் தொடங்கினால் முதல் இரு பிட்டுகளில் வேறுபாடு தெரியாது. மூன்றாவது பிட்டில் சன்னல் பெட்டி 1 அனுப்பும். ஆனால் கம்பியில் 0 இருப்பதைக் கண்டு உடனே ஒதுங்கிவிடும். பிரேக் செய்தி சிறிதும் தடைபடாமல் செல்லும். ஏற்கெனவே ஒரு செய்தி சென்றுகொண்டிருந்தால் மட்டும் அது முடியும் வரை காத்திருக்க வேண்டும். நொடிக்கு 5 லட்சம் பிட் வேகத்தில் அந்தக் காத்திருப்பு ஏறத்தாழ கால் மில்லிநொடிதான்.

பழுதான பெட்டி தொடர்ந்து தவறாகப் பேசினால் அதன் பிழைக் கணக்கு ஏறும். 255ஐத் தாண்டியதும் அது தானே பாட்டையிலிருந்து விலகிவிடும். ஒன்றின் கோளாறு மற்றவற்றை ஊமையாக்காமலிருக்கவே இந்த ஏற்பாடு.

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதியில்

ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் அமைந்த ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998இல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. அதன் எரிபொருளைக் கார்புரேட்டருக்குப் பதிலாக மின்னணுப் பெட்டி அளந்து கொடுத்தது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான் ஆலையும், 2012இல் பாரத்பென்ஸ் லாரிகளைத் தயாரிக்கும் டெய்ம்லர் ஆலையும், 2013இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் இயங்கத் தொடங்கின. லாரி, பேருந்து போன்ற கனரக வாகனங்களில் கான் பாட்டையின் மேல் அமைந்த ஜே1939 என்ற தரம் உலகெங்கும் வழங்குகிறது.

அரசு விதிகளும் மின்னணுவியலை இன்றியமையாததாக்கின. 125 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களுக்கு 2019 ஏப்ரல் 1 முதல் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமாயிற்று. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 மாசுக்கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தது.

மாணவர்கள் கான் பாட்டையை நேரில் காணவும் வழி உண்டு. கார்களில் ஓட்டுநர் பக்கம், டாஷ்போர்டின் கீழ் 16 முனைகள் கொண்ட சோதனைச் சாக்கெட் இருக்கும். அதன் 6, 14ஆம் முனைகள் கான் கம்பிகளுக்கு உரியவை. பாட்டையின் இரு கோடிகளிலும் 120 ஓம் மின்தடைகள் இருப்பதால், கம்பிகள் நேராக இச்சாக்கெட்டுக்கு வரும் கார்களில், மின்சாரத்தைத் துண்டித்து அளந்தால் ஏறத்தாழ 60 ஓம் காட்டும். 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது என்று பொருள்.

குறையும் அடுத்த கட்டமும்

கான் செய்தியில் எது அவசரம் என்பது உண்டு. அனுப்பியவர் உண்மையானவரா என்பதற்குச் சான்று இல்லை. 2015இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர், ஓடிக்கொண்டிருந்த ஜீப் கார் ஒன்றைத் தொலைவிலிருந்தே கட்டுப்படுத்திக் காட்டினர். அதன்பின் 14 லட்சம் வாகனங்கள் திருத்தத்துக்காகத் திரும்பப் பெறப்பட்டன. இனி பேசுபவரின் அடையாளத்தையும் சரிபார்க்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

மற்றொரு பாடத்தை 2021ஆம் ஆண்டின் சில்லுத் தட்டுப்பாடு தந்தது. சில ரூபாய் பெறும் சில்லு வராததால் உலகெங்கும் கார் உற்பத்தி தடைபட்டது. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி திட்டத்தில் வடிவமைத்த செயலி ஒன்று 2018இல் சண்டிகர் அருகிலுள்ள அரசுச் சில்லு ஆலையில் உருவாயிற்று. பேராசிரியர் காமகோடி தலைமையில் வளர்ந்த இத்திட்டத்தின் வடிவமைப்புகள் எவரும் படித்தறியத் திறந்தவை. 8085இன் முனைகளில் ஒரு தலைமுறை கண்டறிந்த பாட்டைச் சைகைகளை, இன்றைய மாணவர் இவ்வடிவமைப்புகளுக்குள் காணலாம்.