பசியும் அச்சமும்: புள்ளலூர்ப் போரும் காஞ்சிபுரத்து மக்களும்

சூரத்துல் குறைஷ் நான்கே வசனங்கள் கொண்ட சிறிய அத்தியாயம். நம் பிள்ளைகள் மக்தபில் முதலில் மனனம் செய்யும் சூராக்களுள் அதுவும் ஒன்று. குறைஷிக் குலத்தாருக்குத் தான் செய்த இரண்டு பேருதவிகளை அதன் இறுதியில் அல்லாஹ் நினைவூட்டுகிறான். பசித்தபோது உணவளித்தான், அச்சத்திலிருந்து அபயமளித்தான். இப்ராஹீம் (அலை) அவர்கள் மக்கா நகருக்காகக் கேட்ட துஆவிலும் இவ்விரண்டுமே சேர்ந்து வருகின்றன. ஊர் பாதுகாப்பாக இருக்க வேண்டும். ஊரார்க்கு உணவு கிடைக்க வேண்டும்.

உணவும் பாதுகாப்பும் ஏன் இப்படி இணைத்துச் சொல்லப்படுகின்றன? இக்கேள்விக்குத் தஃப்ஸீர் நூல்களில் விளக்கமுண்டு. நம் தமிழ் மண்ணின் வரலாற்றிலும் ஒரு விளக்கமுண்டு. பட்டுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரமும், அதற்குச் சுமார் 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புள்ளலூர் என்னும் சிற்றூரும் அதனைச் சொல்லும்.

நாம் பெருமையோடு நினைக்கும் நாள்

1780 செப்டம்பர் 10 அன்று புள்ளலூரில் நடந்த போரை நம் சமுதாய மேடைகள் பலவற்றில் கேட்டிருக்கிறோம். ஹைதர் அலியும் அவர் மகன் திப்பு சுல்தானும் கர்னல் பெய்லியின் தலைமையில் வந்த ஆங்கிலக் கம்பெனிப் படையை அன்று சுற்றி வளைத்து முறியடித்தனர். கம்பெனியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட அப்படையில் பெரும்பகுதியினர் மாண்டனர், மற்றவர் சிறைப்பட்டனர். கைதியாக ஸ்ரீரங்கப்பட்டணம் கொண்டு செல்லப்பட்ட பெய்லி, 1782இல் அங்கேயே இறந்தார். அந்நகரின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்பு தீட்டச் செய்த புள்ளலூர்ப் போர் ஓவியத்தை இன்றும் காணலாம். யானைகளும் குதிரைகளும், நடுவே பல்லக்கில் அமர்ந்திருக்கும் பெய்லியும் அதில் உள்ளனர்.

இந்தியாவில் ஆங்கிலேயர் அதுவரை கண்டிராத பெருந்தோல்வி அது. அதனை நாம் நினைவுகூர்வதில் பிழையில்லை. ஆயினும் அந்த ஓவியத்தில் இல்லாதவர் சிலர் உண்டு. புள்ளலூர் வயலில் நாற்று நட்டவரும், காஞ்சிபுரத்தில் குழித்தறியில் அமர்ந்து நெய்தவரும் அதில் இல்லை. புள்ளலூரில் இன்றும் இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன. 1781ஆம் ஆண்டு அங்கே நடந்த மற்றொரு போரில் மடிந்த ஆங்கில அதிகாரிகளின் பெயர்களை அவை தாங்கியுள்ளன. வென்றவருக்கு ஓவியம் உண்டு. மடிந்த அதிகாரிகளுக்குத் தூண் உண்டு. பட்டினியால் மடிந்த குடிகளுக்கு இரண்டும் இல்லை. அவர்களைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

படைகளுக்குப் பழகிய ஊர்

காஞ்சிபுரம் படைகளைக் கண்டு அஞ்சியது 1780இல் மட்டுமன்று. வரதராஜப் பெருமாள் கோயிலிலுள்ள 1710ஆம் ஆண்டுக் கல்வெட்டு, படையெடுப்பின் அச்சத்தால் உடையார்பாளையம் கொண்டு செல்லப்பட்டிருந்த திருவுருவங்கள் ஊருக்குத் திரும்பியதைப் பதிவு செய்கிறது. அவை திரும்பத் துணைநின்றவர் ஆற்காட்டு நவாபு சஆதத்துல்லா கானின் படைத்தலைவரான லாலா தோடர்மால் என்பதும், அவருடைய உருவச்சிலை அக்கோயிலிலேயே உள்ளது என்பதும் நாம் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள்.

பின்னர் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கர்நாடகப் பகுதிக்காக மோதியபோது, கோயிலின் உயர்ந்த மதில்கள் கோட்டையாகப் பயன்பட்டன. 1751இல் பிரெஞ்சுப் படையிடமிருந்து அதனைக் கிளைவ் கைப்பற்றினார். 1757இல் கோயிலைப் பிடிக்க முயன்று தோற்ற பிரெஞ்சுப் படையினர் ஊருக்குத் தீயிட்டுச் சென்றனர். ஊரார் எந்தத் தரப்பிலும் சேரவில்லை. எரிந்தவை அவர்களுடைய வீடுகள்.

அக்காலத்தில் ஆற்காட்டு நவாபாக இருந்தவர் முஹம்மது அலி வாலாஜா. தம் அரியணைக்குக் கம்பெனியின் துணையை நாடிய அவர், அதன் செலவுக்காகக் கடன்பட்டார். அக்கடனை அடைக்க மேலும் கடன்பட்டார். காஞ்சிபுரத்தை உள்ளிட்ட சென்னைச் சுற்றுவட்டாரம் 1763இல் ஜாகீராகக் கம்பெனிக்கு அளிக்கப்பட்டது. நவாபோ சென்னையில் 1768இல் கட்டி முடிக்கப்பட்ட சேப்பாக்கம் மாளிகையில் வாழ்ந்தார். குடிகளின் வரி வட்டியாகக் கடல் கடந்தது. போர் வந்தபோது ஊரைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்பதே தெளிவில்லாத நிலை. வரி வாங்க இருவர் இருந்தனர்; காக்க ஒருவரும் இல்லை.

1780: அரிசி தீர்மானித்த போர்

1769 உடன்படிக்கைப்படி மராட்டியருக்கு எதிராக உதவ வேண்டிய கம்பெனி உதவவில்லை என்பது ஹைதர் அலியின் மனக்குறை. தமக்குப் படைக்கலங்கள் வந்திறங்கும் துறைமுகமான மாஹேயை 1779இல் கம்பெனி கைப்பற்றியதும் அக்குறை போராக மூண்டது. 1780 ஜூலையில் 80,000க்கும் மேற்பட்டோர் எனக் கணிக்கப்படும் பெரும்படையோடு அவர் கணவாய்களைக் கடந்து சமவெளிக்கு வந்தார்.

ஆகஸ்டு இறுதியில் கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோ, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களுடன் காஞ்சிபுரத்தில் முகாமிட்டார். வடக்கே குண்டூர்ப் பக்கத்திலிருந்து வந்த பெய்லி, கொற்றலை ஆற்று வெள்ளத்தால் பல நாள்கள் தடைபட்டார். இரு படைகளுக்கும் இடையே இருந்த தொலைவு பெரிதன்று. ஆயினும் மன்றோ முழுப்படையுடன் பெய்லியை நோக்கி நகரவில்லை. அவரிடம் சில நாள்களுக்கான அரிசியே இருந்தது. ஊரில் சேர்த்து வைத்த தானியத்தை விட்டுச் சென்றால் அதுவும் பகைவர் கைப்படும் என அஞ்சினார். பெய்லியின் படை அழிந்த மறுநாள், தம் கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியே சென்னைக்குப் பின்வாங்கினார்.

துப்பாக்கி ஏந்திய படைக்கே அரிசி இல்லையென்றால், அந்த ஊரார்க்கு என்ன இருந்திருக்கும்? படை முகாமிடும் ஊரில் முதலில் மறைவது தானியம், அடுத்து மாடுகள். பீரங்கி இழுக்கவும் மூட்டை சுமக்கவும் மாடுகள் பிடித்துச் செல்லப்பட்டால், உழவும் நின்றுபோகும்; ஏற்றமும் நின்றுபோகும்.

பஞ்சம் எப்படி வந்தது

கம்பெனிப் படைக்கு உணவும் தீவனமும் கிடைக்கக் கூடாது என்பதற்காக, ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னையைச் சுற்றிய நாட்டுப்புறத்தை எரித்துப் பாழாக்கியது. ஊர்களை விட்டு ஓடியவர்கள் சென்னை நகரில் வந்து குவிந்தனர். தஞ்சைச் சீமை வரை நீண்ட அந்த அழிவை ‘ஹைதர் கலாபம்’ என்று மக்கள் நெடுங்காலம் பேசினர்.

1785இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் ஆற்றிய உரை இவ்வழிவை விரிவாகப் பேசியது. அவருக்கு அரசியல் நோக்கம் இருந்தது, சொல்லலங்காரமும் மிகுதி. ஆங்கிலேயர் எழுதியவற்றில் ஹைதரின் மீதான வெறுப்பும் கலந்துள்ளது. எனினும் பஞ்சத்தை ஆங்கிலேயரின் கற்பனை என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. பர்க்கே தம் உரையில் நவாபின் கடனையும், அக்கடனைப் பெருக்கிய கம்பெனி அலுவலரின் பேராசையையும் குற்றக் கூண்டில் ஏற்றினார்.

செங்கல்பட்டுச் சீமை ஏரிப்பாசன நாடு. ஏரி என்பது ஆண்டுதோறும் கரை காக்கப்பட வேண்டிய ஒன்று. மதகைச் சீர்செய்ய ஆள் வேண்டும், கூலிக்கு நெல் வேண்டும். ஊரார் ஓடிவிட்ட ஊரில் ஒரு மழைக்காலத்திலேயே கரை உடைந்துவிடும். நீர் வடிந்த ஏரியின் கீழ் மறு ஆண்டு விளைச்சல் இல்லை. படை கடந்து செல்ல ஒரு நாள் போதும்; அது விட்டுச் சென்ற வறட்சியோ ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

நெசவாளரின் நிலை இன்னும் கடுமையானது. அவர் நெல் விளைவிப்பவர் அல்லர். துணி விற்று அரிசி வாங்குபவர். வழிகள் அடைபட்டால் நூல் வராது, வணிகரின் முன்பணம் வராது, நெய்த துணியை வாங்க ஆள் வராது. அதே வேளையில் அரிசி விலை ஏறும். உழவர் வீட்டிலாவது விதைநெல் இருக்கும். தறி வீட்டில் இருப்பது பாவும் ஊடையும் மட்டுமே. அவற்றை உண்ண முடியாது.

1781 ஆகஸ்டு 27 அன்று புள்ளலூரிலேயே மீண்டும் போர் நடந்தது. இம்முறை ஹைதர் அலியை எதிர்த்து நின்றவர் ஐயர் கூட். அவருடைய படையும் உணவின்றியே தள்ளாடியது. அவ்வாண்டு டிசம்பரில் நவாபு தம் நாட்டின் வருவாயைக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். 1782 அக்டோபரில் சென்னைக் கடற்கரையில் வீசிய பெரும்புயல், அரிசி ஏற்றி வந்த கப்பல்களை மூழ்கடித்தது. அதே ஆண்டு சென்னையில் பட்டினியால் வாடியவர்களுக்குக் கஞ்சி ஊற்ற மணியக்காரர் சத்திரம் தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்தது அதுவே. வடசென்னையின் முதியவர்கள் அதனைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே அழைப்பர். புள்ளலூர்ப் போர்க்காலத்துப் பசியின் நினைவு அப்பெயரில் தங்கியிருக்கிறது.

1782 டிசம்பரில் ஹைதர் அலி சித்தூர் அருகே காலமானார். 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கை போரை முடித்தது. பத்தாண்டுகள் கழித்து, 1794இல் ஜாகீரின் கலெக்டராக வந்த லயனல் பிளேஸின் முதன்மைப் பணிகளுள் ஒன்று உடைந்த ஏரிகளைச் சீரமைப்பது.

எந்த அளவுகோல்?

இப்போரின் இரு தரப்பிலும் முஸ்லிம்கள் இருந்தனர். நவாபு முஸ்லிம்; ஹைதர் அலியும் முஸ்லிம். இரு படைகளிலும் முஸ்லிம்களும் இந்துக்களும் சிப்பாய்களாக நின்றனர். இதனை மதப்போர் என்று சொல்வோர் வரலாறு அறியாதவர்கள். ஆனால் முஸ்லிம் ஆட்சியாளர்களை அளக்க நம்மிடம் ஓர் அளவுகோல் உண்டு.

ஷாம் நாட்டுக்குப் படை அனுப்பியபோது கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் தளபதிக்குச் செய்த அறிவுரைகள் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இடம்பெற்றுள்ளன. பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் கொல்லலாகாது, கனிதரும் மரங்களை வெட்டலாகாது, குடியிருப்புகளை அழிக்கலாகாது, உணவுக்கன்றி ஆட்டையும் ஒட்டகத்தையும் அறுக்கலாகாது. கர்நாடகச் சமவெளியில் எரிந்த வைக்கோற்போர்களை இந்த அளவுகோலில் வைத்தால், நாம் போற்றும் வீரரும் தப்ப முடியாது. அந்நியரை எதிர்த்த அவருடைய வீரம் உண்மை. குடிகள் மீது விழுந்த சுமையும் உண்மை.

ஹிஜ்ரி 18இல் மதீனாவைப் பஞ்சம் வாட்டியபோது உமர் (ரலி) அவர்கள் நெய்யையும் இறைச்சியையும் தவிர்த்து, மக்களுக்குக் கிடைத்ததையே தாமும் உண்டார்கள். மிஸ்ரிலிருந்து தானியம் வரவழைத்தார்கள். பசியால் திருடியவர்மீது தண்டனையை நிறுத்தி வைத்தார்கள். சேப்பாக்கத்து நவாபை இந்த அளவுகோலில் வைத்தால், அவரும் தப்ப முடியாது. திருவல்லிக்கேணியில் அவர் குடும்பம் எழுப்பிய வாலாஜா பள்ளிவாசலில் நாம் நன்றியோடு தொழுகிறோம். அந்த நன்றி, குடிகளின் கணக்கை மறக்கச் சொல்வதன்று.

நம் வீரர்களைக் குறைத்துப் பேசுவதற்காக இதனை எழுதவில்லை. பிறர் செய்தால் கொடுமை, நம்மவர் செய்தால் போர்த்தந்திரம் என்று இரண்டு தராசு வைப்பது முஃமினுக்கு அழகன்று என்பதற்காகவே எழுதுகிறோம். நமக்கோ நம் உறவினருக்கோ எதிராக இருப்பினும் நீதியில் நிலைத்திருக்குமாறு சூரத்துன் நிஸா கட்டளையிடுகிறது.

இன்றைய செய்திகளை வாசிக்கும்போது

சூடானில் 2023 ஏப்ரலில் இரண்டு படைத்தலைமைகளுக்கிடையே போர் மூண்டது. யமனில் பல ஆண்டுகள் நீடித்த போர் பசியையும் காலராவையும் கொணர்ந்தது. காஸாவின் குடிநீரும் மருத்துவமனைகளும் பட்ட பாட்டை நாம் கண்ணீரோடு கண்டோம். எந்த ஊரை யார் பிடித்தார் என்பதையே நம் உரையாடல்கள் பெரும்பாலும் சுற்றிவருகின்றன. அங்கே கிணறு உள்ளதா, மாவு விலை என்ன, பிரசவத்துக்கு மருத்துவர் உள்ளாரா, சாலை திறந்திருக்கிறதா என்று முதலில் கேட்கப் பழகுவோம். அமைதி பேசப்பட்ட பின்னும் ஏரிக்கரை கட்டப் பத்தாண்டு ஆகும் என்பதைச் செங்கல்பட்டுச் சீமை நமக்குச் சொல்கிறது. ஆகவே செய்தி பழையதான பின்னும் நம் ஸதகா நிற்கலாகாது.

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் இன்று தறியோசை கேட்கிறது. பெங்களூர்ப் பக்கத்திலிருந்து பட்டுநூலும் சூரத்திலிருந்து ஜரிகையும் தடையின்றி வருகின்றன. அங்கு நெய்த புடவைகள் நம் வீட்டு நிக்காஹ்களுக்கும் வருகின்றன. வழியில் அச்சமில்லாததால் தறி ஓடுகிறது. தறி ஓடுவதால் அடுப்பு எரிகிறது. குறைஷிகளின் குளிர்கால, கோடைகாலப் பயணங்களைச் சொல்லிவிட்டு அல்லாஹ் உணவையும் அபயத்தையும் நினைவூட்டுவதன் பொருள் இதில் விளங்குகிறது. அடுத்த முறை அந்தச் சிறிய சூராவைத் தொழுகையில் ஓதும்போது, இவ்விரு அருட்கொடைகளும் நம்மிடம் இருப்பதற்காக நன்றி செலுத்துவோம், இல்லாதவர்களுக்காகக் கையேந்துவோம்.

வல்ல அல்லாஹ் எல்லா ஊர்களையும் பசியிலிருந்தும் அச்சத்திலிருந்தும் காப்பானாக. ஆமீன்.