ரத்தப் புற்றுக்கு வழி சொல்றது யாரு?

ரொம்ப நாளா மண்டையைக் குடைஞ்ச ஒரு கேள்வி. வயித்துல வர்ற கட்டி பரவிடுச்சுன்னு டாக்டர் சொன்னா புரியுது. ஆனா ரத்தத்துலயே வர்ற நோய் 'பரவுது'ன்னா என்ன அர்த்தம்? ரத்தம்தான் உடம்பு பூரா ஓடிக்கிட்டே இருக்கே! அப்புறம் ஏன் அது எலும்பு மஜ்ஜை, நிணநீர்க் கணு, மூளையைச் சுத்தின சவ்வுன்னு குறிப்பிட்ட சில இடமாப் பார்த்து உக்காந்துக்குது?

பொட்டி தட்டுற ஆளுக்கு எதுக்குய்யா இந்த ஆராய்ச்சின்னு கேக்காதீங்க :-) தேடிப் பார்த்தா இந்தக் கதையில பாதி நம்ம ஊர்லதான் நடந்திருக்கு.

முதல்ல எல்லாப்பிரகடா சுப்பாராவ். பீமவரத்துல பிறந்த தெலுங்குக்காரர். படிச்சது திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி, அப்புறம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ். ராமகிருஷ்ண மடத்து மேல ஈடுபாடு, துறவியாகணும்னு ஆசை. ஒத்துழையாமை இயக்க நாட்கள்ல கதர்ல அறுவை சிகிச்சை அங்கி போட்டுக்கிட்டுப் போக, வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கல. எம்.பி.பி.எஸ். கிடைக்காம அதைவிடக் குறைஞ்ச எல்.எம்.எஸ். பட்டத்தோட வெளியே வந்தார். அங்கிருந்து ஹார்வர்டு, பிறகு லெடர்லே மருந்துக் கம்பெனி.

லெடர்லேயில அவர் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையா உண்டாக்கினாங்க. அதே அமிலத்துக்கு எதிரா வேலை செய்ற அமினோப்டெரினையும் செஞ்சாங்க. பாஸ்டன்ல சிட்னி ஃபார்பர் அதைக் கடுமையான ரத்தப் புற்று வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமா அடங்குச்சு. 1948 ஜூன்ல கட்டுரை வெளிவந்தது. ஆகஸ்ட்ல சுப்பாராவ் காலமாகிட்டார். ஃபார்பர் பேரு எல்லாருக்கும் தெரியும், இவர் பேரு? அமினோப்டெரினோட தம்பிதான் இன்னிக்கும் நாம பயன்படுத்துற மெத்தோட்ரெக்சேட்.

இப்ப அடையாறு. முத்துலட்சுமி ரெட்டியோட தங்கை 1923-ல புற்றுநோயால இறந்தாங்க. அந்த வலிதான் முப்பது வருஷம் கழிச்சு ஆஸ்பத்திரியா முளைச்சது. 1952-ல நேரு அடிக்கல் நாட்டினார், 1954-ல 12 படுக்கைகளோட கேன்சர் இன்ஸ்டிட்யூட் திறந்தது. முத்துலட்சுமியோட மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதை நடத்தினார். 1955-ல டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தாங்க. மயிலாப்பூர்ப் பொண்ணு. 2021-ல மறையற வரைக்கும் அவங்க உலகம் அந்த ஆஸ்பத்திரிதான்.

அந்தக் காலத்து டாக்டர்களைத் திணறடிச்சது ஒரு விஷயம். மருந்து கொடுத்தா ரத்தம் சுத்தமாயிடும், மஜ்ஜையும் சுத்தமாயிடும், குழந்தை சிரிச்சிக்கிட்டு வீட்டுக்குப் போகும். சில மாசம் கழிச்சுத் தலைவலி, வாந்தின்னு திரும்பி வரும். நோய் மூளைச் சவ்வுல ஒளிஞ்சிருக்கும். ரத்தத்துல போற மருந்து அங்க போதுமான அளவு போய்ச் சேராது. 1960-கள்ல மெம்ஃபிஸ் நகரத்து செயின்ட் ஜூட் ஆஸ்பத்திரியில டொனால்ட் பிங்கெல் குழு, நோய் அங்க தலைகாட்டும் முன்னாடியே தலைக்குக் கதிர்வீச்சு, முதுகுத்தண்டு நீர்ல மெத்தோட்ரெக்சேட்னு இறங்கினாங்க. பலன் கிடைச்சது. விலையும் இருந்தது: பிஞ்சு மூளையில கதிர்வீச்சு படறதால, பிழைச்ச சில பிள்ளைங்களுக்குப் படிப்பும் வளர்ச்சியும் அடி வாங்குச்சு.

இந்தியாவுல 1970-கள்ல நிலைமை மோசம். 1984-ல ஆரம்பிச்சு, அடையாறு, மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மூணும் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்து இயன் மக்ராத்தோட சேர்ந்து எம்சிபி 841-னு ஒரே சிகிச்சை முறையைக் கையாண்டாங்க. நாலு வருஷம் நோய் திரும்பாம இருந்தவங்க 20 சதவீதத்துக்கும் கீழ இருந்து 45-60 சதவீதத்துக்கு வந்தாங்க. என்னைக் கேட்டா, நம்ம ஊர் மருத்துவ வரலாற்றுல இதுக்கு ஒரு பெரிய அத்தியாயம் ஒதுக்கணும். இன்னொண்ணும் தெரிய வந்தது: மேல்நாட்டோட ஒப்பிட்டா இங்க டி-செல் வகை அதிகம். அந்த வகை மூளைக்குப் போறதுல கொஞ்சம் கெட்டி.

ஏன் போகுது? விடை 2009-ல நியூயார்க்ல கிடைச்சது. நம்ம திசுக்கள் கீமோகைன்னு குட்டிப் புரதங்களைக் கசிய விடும். வெள்ளணுவோட மேல்தோல்ல அதைப் பிடிக்கிற ஏற்பிகள் இருக்கு. வாசனை பிடிச்சு எறும்பு போற மாதிரி, புரதம் எங்க அதிகமோ அந்தப் பக்கம் அணு நகரும். நிணநீர்க் கணுவுக்கு வழி காட்டுறது சிசிஆர்7-ங்கிற ஏற்பி. டி-செல் ரத்தப் புற்று அதையே மூளைக்குப் போகவும் பயன்படுத்துது! மூளை ரத்தக்குழாய்ல சிசிஎல்19-ங்கிற கீமோகைன் இருக்கு, அதைப் பிடிச்சு உள்ளே நுழையுது. இயானிஸ் ஐஃபான்டிஸ் குழு எலிகள்ல சிசிஆர்7-ஐ எடுத்துட்டுப் பார்த்தாங்க, மூளைக்குப் போறது வெகுவாக் குறைஞ்சது.

மஜ்ஜைக்கு வழி வேற. அங்க சிஎக்ஸ்சிஎல்12 கூப்பிடும், சிஎக்ஸ்சிஆர்4 கேட்கும். எய்ட்ஸ் கிருமி செல்லுக்குள்ள நுழையற கதவுகள்ல அதுவும் ஒண்ணு. கிருமிக்கு எதிரா அந்தக் கதவை அடைக்கச் செஞ்ச மருந்தைக் கொடுத்தப்ப, மஜ்ஜையிலிருந்த ஸ்டெம் செல் எல்லாம் பிடி விட்டு ரத்தத்துக்கு வந்துடுச்சு. அதுதான் பிளெரிக்ஸாஃபர். 2008-ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது, எய்ட்ஸுக்கு இல்ல, ஸ்டெம் செல் சேகரிக்க. புற்றணுவையும் மஜ்ஜையிலிருந்து இப்படிக் கிளப்பி விட்டு அடிக்கலாமான்னு சோதனைகள் நடந்திருக்கு. வழக்கமான சிகிச்சையா அது இன்னும் மாறல.

எல்லாத்துக்கும் இதே கதைன்னும் நினைச்சுடாதீங்க. 2018-ல டியூக் பல்கலைக்கழகத்துக்காரங்க, பி-செல் வகை முதுகெலும்பு மஜ்ஜையிலிருந்து ரத்தக்குழாயோட வெளிச்சுவரைப் பிடிச்சுக்கிட்டே மூளைச் சவ்வுக்குப் போகுதுன்னு எலிகள்ல காட்டினாங்க. ரத்த ஓட்டத்துக்குள்ள இறங்கவே வேண்டாம், நேரா சுவரேறிப் போற திருடன் மாதிரி.

சிசிஆர்7-ஐ அடைச்சு மூளையைக் காப்பாத்துற மருந்து வழக்கத்துக்கு வரல. குழந்தையை ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, முதுகுல ஊசி போட்டு, சுப்பாராவ் வழி வந்த அதே மெத்தோட்ரெக்சேட்டைத்தான் இன்னிக்கும் ஏத்துறாங்க.