ஓர் ஏவற்சொல்லின் பயணம்

பங்காருப்பேட்டையிலிருந்து புறப்படும் கிளை இருப்புப்பாதை கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்தில் முடிவடைகிறது. அவ்வூர்க் கடைகளில் தமிழரும் கன்னடரும் தெலுங்கரும் ‘ஷாம்பு’ என்றே கேட்டு வாங்குவர். அது ஆங்கிலச் சொல் என்பதே மூவரின் எண்ணமும். அவ்வெண்ணம் பாதி மட்டுமே உண்மை.

இந்தியில் ‘சாம்ப்னா’ என்பதற்கு அழுத்துதல், பிசைதல் என்று பொருள். அதன் ஏவல் வடிவம் ‘சாம்போ’. 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, ஆங்கிலச் சொல் இவ்வேவலிலிருந்தே பிறந்திருக்கக்கூடும் என்கிறது. தமிழில் ‘அமுக்கு’ என்று ஒருவரை ஏவுவதற்கு இது நிகர். 18ஆம் நூற்றாண்டின் ஆங்கில எழுத்துகளில் இச்சொல் உடலைப் பிடித்துவிடுதலையே குறித்தது. தலைமுடிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பாட்னாவில் 1759இல் பிறந்த சேக் தீன் முகமது, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் மூலிகை நீராவிக் குளியலோடு இணைந்த உடற்பிடிப்பை ‘ஷாம்பூயிங்’ என்ற பெயரில் புகழ்பெறச் செய்தார். அதைப் பற்றி 1822இல் ஒரு நூலும் வெளியிட்டார். நான்காம் ஜார்ஜ் மன்னருக்கும் அவர் இப்பணியைச் செய்தார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இச்சொல் தலையைத் தேய்த்துக் கழுவுதலைக் குறிக்கலாயிற்று. பின்னர்க் கழுவ உதவும் பொருளுக்கும் பெயராயிற்று. 1903இல் பெர்லினில் ஹான்ஸ் ஷ்வார்ஸ்கோப் ஷாம்புத் தூளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். செயல் பொருளாயிற்று, பிசைந்த கை பொருளிலிருந்து மறைந்தது.

தமிழுக்கு இச்சொல் வந்த வழியை அதன் முதலெழுத்தே காட்டிவிடுகிறது. இந்தியிலிருந்து நேராக வந்திருப்பின் சகரமே முதலில் நின்றிருக்கும். ‘ஷ’ என்னும் கிரந்த எழுத்து, ஆங்கிலத்தில் நேர்ந்த ஒலிமாற்றத்தின் தடம். இந்தியில் ‘சம்பி’ என்னும் உறவுச்சொல் இன்றும் தலைப்பிடிப்பைக் குறிக்கிறது. ஒரே வேர் இரு பொருளில் வாழ்கிறது. தமிழகத்திலோ 1983இல் கடலூரில் தொடங்கிய ‘சிக்’ நிறுவனத்தின் சிறு பொட்டலங்கள், சீயக்காய் புழங்கிய எளிய வீடுகளுக்கும் ஷாம்புவைக் கொண்டுசென்றன.

‘ஆங்கிலக் கடன்சொல்’ என்று அகராதியில் குறித்து நிறுத்துவது, சொல் கடைசியாகக் கடந்த வாயிலை மட்டுமே காட்டும். அதன் பிறப்பிலுள்ள ஏவல் வடிவமோ, ஏவியவரையும் ஏவப்பட்டவரையும் ஒருங்கே நினைவூட்டுகிறது. 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் மேலிருந்து நடத்த, தமிழ்த் தொழிலாளர் ஆழத்தில் இறங்கி உழைத்த தங்கவயலுக்கு அவ்வுறவு புதிதன்று. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. யாரோ ஒருவரின் களைத்த உடலைப் பிடித்துவிடும்படி எழுந்த ஏவலோ, மாரிகுப்பத்துக் கடையில் பொட்டலத்தின் பெயராக இன்றும் ஒலிக்கிறது.